ஊராட்சித் தலைவருக்குப் பட்டம் வேண்டுமா?

திருவண்ணாமலை மாவட்டத்தில் 18 ஊராட்சி ஒன்றியங்கள். 2019 தேர்தலின்போது அவற்றில் இருந்த கிராம ஊராட்சிகள் 860. அந்தத் தேர்தலில் வென்று 2020 ஜனவரி 6 அன்று பொறுப்பேற்ற தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதன் பிறகு ஊராட்சிகளின் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அதனுடன் ஒட்டிக்கொண்டு இன்னொரு பேச்சும் எழுகிறது. "இந்த முறையாவது படித்தவர்கள் மட்டுமே நிற்கலாம் என்று ஒரு விதி வரக் கூடாதா? அலுவலக உதவியாளர் வேலைக்கே எட்டாம் வகுப்பு கேட்கிறார்கள். ஊரின் பணத்தைக் கையாளுகிறவருக்கு எந்தப் படிப்பும் வேண்டாமா?" இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஊரின் மீது உண்மையான அக்கறை கொண்டவர்கள். எனவே இக்கேள்வியை மேட்டிமைப் பேச்சு என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

இக்கேள்விக்கு ஒரு சட்ட அடிப்படையும் இருக்கிறது. பலரும் அதைக் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகளில் மாநகராட்சிக்கு ஆணையர் இருக்கிறார். நகராட்சிக்கும் ஆணையர் இருக்கிறார். பேரூராட்சிக்குச் செயல் அலுவலர். ஊராட்சி ஒன்றியத்துக்கு வட்டார வளர்ச்சி அலுவலர். இவர்கள் அனைவரும் அரசு ஊழியர்கள். மேயரோ நகர்மன்றத் தலைவரோ மன்றத்துக்குத் தலைமை தாங்குகிறார். நிர்வாகப் பொறுப்பை அலுவலர் சுமக்கிறார். கிராம ஊராட்சியில் மட்டும் இந்தப் பிரிவினை இல்லை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே செயல் அதிகாரி. காசோலையில் அவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். பொதுநிதிக்கு ஒரு கணக்கு, மின்கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் ஒரு கணக்கு, திட்ட நிதிக்கு ஒரு கணக்கு என்று கணக்குகள் தனித்தனி. இப்போது நிதி ஆணைய மானியச் செலவுகள் யாவும் இணையவழியில், டிஜிட்டல் கையொப்பத்தின் மூலமே நடக்கின்றன. 2024 ஆகஸ்டில் மாநகராட்சியாக உயர்ந்த திருவண்ணாமலையின் மேயருக்கு இல்லாத கையெழுத்துச் சுமை, ஜவ்வாதுமலையில் சில நூறு குடும்பங்கள் வாழும் ஊராட்சியின் தலைவருக்கு உண்டு. மிகச் சிறிய அமைப்பின் தலைவர்தான், மிகக் குறைந்த ஊழியர் பலத்துடன், மிகுதியான சட்டப் பொறுப்பைத் தாங்குகிறார்.

இதே வகைச் சிக்கல் அமெரிக்காவில் வேறொரு பதவியில் இருக்கிறது. அங்கே மாவட்டத்தைப் போன்ற கவுண்டிகளில் காவல் பணிக்குத் தலைமை தாங்கும் ஷெரீஃப், பெரும்பாலான மாநிலங்களில் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். நமது மதராஸிலும் ஒரு காலத்தில் ஷெரீஃப் இருந்தார். அது விழாக்களுக்கான கௌரவப் பதவி. அமெரிக்க ஷெரீஃபோ கைது செய்யும் அதிகாரம் உள்ளவர், சிறையை நிர்வகிப்பவர். ஆகவே அவருக்குக் கல்லூரிப் பட்டம் வேண்டுமா என்ற விவாதம் அங்கே தேர்தல்தோறும் தலைகாட்டுகிறது. பெரும்பாலான மாநிலங்கள் பட்டத்தைக் கட்டாயமாக்கவில்லை. நம் நாட்டில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பதவிக்குப் பட்டமும் போட்டித் தேர்வும் தேவை. ஏனெனில் அவரை நியமிப்பது அரசு, மக்களல்லர். நியமிக்கப்படுபவரின் தகுதியைத் தேர்வு சான்றளிக்கிறது. தேர்ந்தெடுக்கப்படுபவரின் தகுதியை வாக்காளர் சான்றளிக்கிறார். ஷெரீஃபும் நமது ஊராட்சித் தலைவரும் இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிற்பவர்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தியாவில் இந்தக் குழப்பத்துக்கு முதலில் சட்ட வடிவம் கொடுத்தது ராஜஸ்தான். 2014 டிசம்பரில், ஊராட்சித் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், சட்டமன்றத்தில் விவாதம் ஏதுமின்றி ஓர் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மாவட்ட, ஒன்றிய அளவிலான உறுப்பினர்களுக்குப் பத்தாம் வகுப்பு; கிராமத் தலைவருக்கு எட்டாம் வகுப்பு; பழங்குடிப் பகுதித் தலைவருக்கு ஐந்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டே ஹரியாணா அதைப் பின்பற்றியது. பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பு, வார்டு உறுப்பினராகப் போட்டியிடும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஐந்தாம் வகுப்பு என்று வரையறுத்ததுடன், வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும், கூட்டுறவுக் கடனும் மின்கட்டணமும் நிலுவை இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகளையும் சேர்த்தது. இச்சட்டத்தை எதிர்த்த வழக்கில், 2015 டிசம்பர் 10 அன்று நீதிபதிகள் செலமேஸ்வர், அபய் மனோகர் சப்ரே ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நன்மை எது தீமை எது என்று பிரித்தறியும் ஆற்றலைக் கல்வியே மனிதருக்குத் தருகிறது என்ற கருத்தை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

இந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. நன்மை தீமை அறிவதற்குப் பள்ளிச் சான்றிதழ் தேவை என்றால், இந்நாட்டின் முதல் பொதுத்தேர்தலையே குறை சொல்ல வேண்டியிருக்கும். 1951 கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவு சுமார் 18 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானோர் சின்னத்தைப் பார்த்து வாக்களித்த அந்தத் தேர்தலில்தான் இந்தியக் குடியரசு கால் ஊன்றியது. வாக்களிக்கும்போது நன்மை தீமை அறிந்தவராகக் கருதப்படும் ஒருவர், வேட்புமனு கொடுக்க வரும்போது மட்டும் அந்த அறிவை இழந்துவிடுவாரா? மேலும், நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அரசமைப்புச் சட்டம் எந்தக் கல்வித் தகுதியையும் விதிக்கவில்லை. அரசமைப்பு அவையின் இறுதி நாள்களில், 1949 நவம்பர் 26 அன்று ராஜேந்திர பிரசாத் இதை ஒரு குறையாகவே குறிப்பிட்டார். சட்டத்தை நிறைவேற்றுகிறவர்களிடம் உயர்ந்த தகுதியை எதிர்பார்க்கும் நாம், சட்டத்தை இயற்றுகிறவர்களிடம் எதையும் கேட்பதில்லையே என்று அவர் வருந்தினார். ஆனால், அறிவுத் தகுதி மட்டும் போதாது, நேர்மையான குணநலன்தான் முதன்மையானது என்றும், அதை அளக்கும் அளவுகோல் எதுவும் கிடைக்கவில்லை என்ற பொருள்படவும் அவரே அந்த உரையில் சொன்னார். அந்தக் குறை நீடிக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், முதலமைச்சருக்கு வேண்டாத பத்தாம் வகுப்பு கிராமத் தலைவருக்கு மட்டும் எதற்கு என்ற கேள்விக்கு ராஜஸ்தானும் ஹரியாணாவும் தெளிவான பதில் சொல்லவில்லை. விதியை இயற்றிய சட்டமன்றங்கள் அதைத் தமக்குப் பொருத்திக்கொள்ளவும் இல்லை.

அப்படியொரு விதி இங்கே வந்தால் யார் வெளியேறுவார்கள்? 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்டத்தின் எழுத்தறிவு 74 சதவீதத்துக்குச் சற்று மேல். மாநிலச் சராசரியோ 80. மாவட்டத்தின் பெண்களில் எழுத்தறிவு பெற்றோர் சுமார் 65 சதவீதம். அதாவது மூன்றில் ஒரு பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று அரசே பதிவு செய்த மாவட்டம் இது. எழுத்தறிவு என்பது பெயரெழுதிப் படிக்கத் தெரிவது மட்டுமே. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அதைவிட வெகு தொலைவில் இருக்கிறது. ஐம்பது வயதைத் தொட்ட பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். ஜவ்வாதுமலை ஒன்றியத்தின் பழங்குடிப் பெண்களை எடுத்துக்கொண்டால் அதைவிட மோசம். தமிழ்நாடு 2016-இல் உள்ளாட்சியில் பெண்களுக்கான ஒதுக்கீட்டைப் பாதியாக உயர்த்தியது. 2019 தேர்தலில் அது முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. ஒரு கையால் பாதி இடங்களைக் கொடுத்துவிட்டு, மறு கையால் அந்த இடங்களுக்கு நிற்கக்கூடியவர்களில் பெரும்பகுதியினரை விலக்கும் வேலையைத்தான் கல்வித் தகுதி விதி செய்யும். எஞ்சியிருப்பவர்கள் யார் என்று கணிப்பது கடினமன்று: வசதியுள்ள வீட்டின் படித்த மருமகள் நிற்பார், நிர்வாகம் மாமனார் கையில் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு கணக்கும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. அன்று ஆறு வயதில் பள்ளியில் சேர்ந்த குழந்தைக்கு 21 வயது நிறைவது 2025-இல்தான். ஊராட்சித் தேர்தலில் போட்டியிடக் குறைந்தபட்ச வயதும் 21. எனவே, படிப்பைத் தன் உரிமையாகப் பெற்று வளர்ந்த முதல் தலைமுறையே இப்போதுதான் வேட்பாளர் வயதை எட்டியிருக்கிறது. அந்தச் சட்டமும் உத்தரவாதம் தருவது 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரைதான். அரசு எவருக்கும் உத்தரவாதமாகத் தராத பத்தாம் வகுப்பை, அரசு எதையுமே உத்தரவாதமாகத் தராத காலத்தில் வளர்ந்தவர்களிடம் கேட்பது என்ன நியாயம்? பள்ளி தராதது அரசின் தவறு. அதற்கான தண்டனை மட்டும் குடிமகளுக்கு.

படிப்பை நுழைவுச் சீட்டாக்கினால் நடைமுறையில் என்ன நடக்கும் என்பதைப் பாகிஸ்தான் பெரிய அளவிலேயே செய்து காட்டியது. 2002-இல் முஷாரஃப் ஆட்சி, நாடாளுமன்றத்துக்கும் மாகாண மன்றங்களுக்கும் போட்டியிடப் பட்டம் கட்டாயம் என்று ஆணையிட்டது. பட்டதாரிகள் மிகச் சிறு பகுதியினராக இருந்த நாட்டில் அது மக்களில் மிகப் பெரும்பான்மையோரை ஒரே ஆணையால் தேர்தல் களத்திலிருந்து அகற்றியது. மதரஸாக்கள் வழங்கிய சான்றிதழ்கள் பட்டத்துக்கு இணையாக ஏற்கப்பட்டதால், மதக் கட்சிகளின் வேட்பாளர்கள் மட்டும் எளிதில் உள்ளே வந்தனர். 2008 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த விதியை நீக்கியது. அதற்குள் விளைவு முற்றியிருந்தது. 2010-இல் உறுப்பினர்களின் பட்டங்களைச் சரிபார்க்கத் தொடங்கியபோது போலிப் பட்டங்கள் வரிசையாக வெளிவந்தன. போலிப் பட்டச் சர்ச்சையில் பதவி விலகிய ஓர் உறுப்பினரை, அடுத்த சில வாரங்களில் நடந்த இடைத்தேர்தலில் அதே தொகுதி மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். பட்டம் பட்டந்தான், அசலென்ன போலியென்ன என்ற பொருளில் பலூசிஸ்தான் முதலமைச்சர் அப்போது சொன்னது உலகம் முழுவதும் நகைச்சுவையாகப் பரவியது. நேர்மையை வளர்க்கக் கொண்டுவந்த விதி, வேட்புமனு கட்டத்திலேயே பொய்யைக் கற்றுக்கொடுத்துவிட்டது. ராஜஸ்தானிலும் வென்றவர்கள் மீது போலிச் சான்றிதழ் புகார்கள் குவிந்தன. 2019-இல் அம்மாநிலம் அந்த விதியைக் கைவிட்டது. பூடான் இன்றும் நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பட்டம் கேட்கிறது. ஆனால் அங்கேகூட உள்ளாட்சித் தலைவர்களிடம் கேட்பது பட்டமன்று; எழுதப் படிக்கவும் அடிப்படைப் பணிகளைச் செய்யவும் தெரியுமா என்ற ஒரு சோதனைதான்.

படிக்காதவர்கள் பதவிக்கு வந்தால் நிர்வாகம் கெடும் என்ற எண்ணத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ராகவேந்திர சட்டோபாத்யாயவும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்திலும் 265 ஊராட்சிகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டனர். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளின் தலைவிகள், மற்ற ஊராட்சிகளின் ஆண் தலைவர்களைவிடக் குறைவாகப் படித்தவர்கள். அரசியல் அனுபவமும் குறைவு. ஆயினும் அவர்களது ஊராட்சிகளில் குடிநீருக்கு மிகுதியாக முதலீடு நடந்திருந்தது. ஏனெனில் அந்த ஊர்களின் பெண்கள் மிகுதியாக முறையிட்டது குடிநீர் பற்றித்தான். இதன் பொருள், படிப்பு பயனற்றது என்பதன்று. எங்கே பணத்தைச் செலவிட வேண்டும் என்ற முடிவு, யார் வீட்டில் குடம் காலியாக இருக்கிறது என்பதை அறிந்தவரால் சரியாக எடுக்கப்படுகிறது என்பதே. கலசப்பாக்கத்திலோ தண்டராம்பட்டிலோ ஒரு கோடைக்காலத்தில் தண்ணீர் வண்டிக்குக் காத்து நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படிப்பையும் பதவியையும் இணைத்துப் பேசும்போது உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவது நம் வழக்கம். வந்தவாசியிலிருந்து வெகு தொலைவில் இல்லாத அந்த ஊரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகள் உண்மையிலேயே வியப்புக்குரியவை. ஆனால் அவற்றை முழுவதும் படிப்பவர்கள் குறைவு. வாரியத்துக்கு நிற்பவர் வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் உடையவராக, சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராக, 35 முதல் 70 வயதுக்குள் இருப்பவராக, வேதம் கற்றவராக இருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றுத் தேர்ந்தவராயின் அரைக்கால் வேலி நிலமே போதும். படிப்புக்கு அங்கே சலுகைகூட இருந்தது. ஆனால் அந்தப் படிப்பு யாருக்குத் திறந்திருந்தது? அந்தணர் சபைக்கு உட்பட்டவருக்கு மட்டும். அந்த ஊரில் உழுதவரும் நெய்தவரும் அந்தக் குடத்தில் ஓலையிட வரவேயில்லை. கல்வித் தகுதி என்ற பெயரில் சாதித் தகுதி எவ்வளவு இயல்பாக உள்ளே நுழைந்துவிடும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தமிழ்நாட்டில் தேட வேண்டியதில்லை.

அதே கல்வெட்டில் இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத்தக்க பகுதி வேறொன்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்கக் கூடாது. அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது என்று சிற்றன்னை பெரியன்னை மக்கள், மாமன், மைத்துனன் என்று உறவுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது அது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவரும் நிற்க இயலாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பினாமி உறவினர் பற்றி யோசித்திருக்கிறார்கள். நம்முடைய கல்வித் தகுதி ஆர்வலர்கள் இந்தக் கல்வெட்டிலிருந்து முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

படித்தவர்களின் ஆட்சி எப்படியிருக்கும் என்பதை நாம் கற்பனை செய்து பார்க்க வேண்டியதும் இல்லை. அது தமிழ்நாட்டில் அண்மையில் இரண்டு முறை வந்தது. 2016 அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அதே மாதம் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். அவர்கள் அனைவரும் படித்தவர்கள், பணி விதிகள் அறிந்தவர்கள். கல்விதான் நல்லாட்சி தரும் என்றால் அந்த மூன்றாண்டுகள் ஊராட்சிகளின் பொற்காலமாக இருந்திருக்க வேண்டும். மாறாக, தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகள் இல்லை என்பதாலேயே மத்திய நிதி ஆணைய மானியங்கள் நிலுவையில் நின்றன; தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லப் போனால் அலுவலர் இன்னொரு ஊராட்சியில் இருந்தார். இதில் அலுவலர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒருவரிடம் பல ஊர்களைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? 2025 ஜனவரியில் அதே ஏற்பாடு திரும்ப வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், அண்ணாமலையார் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் சிறுவர் சிறுமியர். மலைச்சரிவில் வீடுகள் ஆண்டுக்காண்டு மேலேறியபோது, அதைக் கண்டிருக்க வேண்டிய அலுவலகங்கள் எதிலும் பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை. கண்ணெதிரே நடப்பதைப் பார்த்து, எழுந்து, 'இது கூடாது' என்று சொல்லும் பொறுப்பைப் பட்டம் தருவதில்லை. பட்டம் இல்லாமையும் அதைத் தந்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஏனெனில் இந்த விவாதத்தில் எதிர்த்தரப்பிலும் ஒரு சோம்பல் இருக்கிறது. கல்வித் தகுதி என்று யாராவது வாயெடுத்தால் உடனே காமராஜரைக் காட்டி விவாதத்தை முடித்துவிடுவார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், படித்த ராஜாஜி மூடிய பள்ளிகளைத் திறந்தார் என்பது உண்மையே. எம்.ஜி.ஆரும் கருணாநிதியும் ஜெயலலிதாவும் பட்டதாரிகள் அல்லர் என்பதும் உண்மையே. ஆனால் முதலமைச்சருக்குக் கோப்பு தயாரித்துக் கொடுக்கத் தலைமைச் செயலகமே இருக்கிறது. ஊராட்சித் தலைவிக்கு இருப்பவர் ஒரு செயலர். அந்த ஒருவர் நீட்டிய இடத்தில் கையெழுத்திடுவதைத் தவிர வழியில்லாத பெண்ணிடம் காமராஜரின் பெயரைச் சொல்வதால் எதுவும் மாறாது. படிக்கத் தெரியாமை உண்மையான ஊனமே. அது கணவருக்கும் ஒப்பந்ததாரருக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. கணக்கில் முறைகேடு என்று தணிக்கை வரும்போது மாவட்ட ஆட்சியர் 203-ஆம் பிரிவின்படி காசோலை அதிகாரத்தை முடக்குவதும், 205-ஆம் பிரிவின்படி பதவி நீக்க நடவடிக்கை தொடங்குவதும் தலைவி மீதுதான். பின்னால் நின்றவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இராது.

படித்த தலைவிக்கு இந்த ஆபத்து இல்லையா? இருக்கிறது; வேறு வழியில் வருகிறது. ஒதுக்கீட்டு ஊராட்சியில் தலைவர் பட்டியல் சாதியினர், துணைத் தலைவர் ஆதிக்கச் சாதியினர் என்றால், துணைத் தலைவர் காசோலையில் கையெழுத்திட மறுத்தாலே போதும், ஊராட்சி நின்றுவிடும். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020-இல் ஊராட்சித் தலைவியையே கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த செய்தியை நாடே படித்தது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் பத்தாண்டுகள் தேர்தலே நடத்த முடியாமற்போனது. மேலவளவில் தலைவர் முருகேசன் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். இந்த இடங்கள் எதிலும் படிப்பின்மை ஒரு காரணமாக இருக்கவில்லை. தலைவர் பட்டம் பெற்றிருந்தால் நாற்காலி கிடைத்திருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

எனவே தகுதியை எங்கே கேட்பது என்பதே கேள்வி. கையெழுத்துக்குப் பின்னால் இருக்கும் தொழில்நுட்ப வேலையைச் செய்வதற்கென்று சம்பளம் பெறுகிறவரிடம் கேட்க வேண்டும். ஊராட்சிச் செயலர் பணிக்கு அரசு நிர்ணயித்துள்ள தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. 2025-இல் நூற்றுக்கணக்கான காலியிடங்களுக்கு அறிவிப்பு வந்தபோதும் இதுவே தகுதி. இணையவழிக் கட்டட அனுமதி, வீட்டுவரி, நிதி ஆணையக் கணக்கு, நூறு நாள் வேலைப் பதிவு எல்லாவற்றையும் அந்த ஒருவர் பார்க்க வேண்டும் என்கிறது நிர்வாகம். செயலரிடம் பத்தாம் வகுப்பு போதும் என்று சொல்லிக்கொண்டே தலைவரிடம் பட்டம் கேட்பது தலைகீழ் ஏற்பாடு. கணக்கு படித்த ஒருவரை இரண்டு மூன்று சிறிய ஊராட்சிகளுக்கு ஒருவராகவாவது நியமித்து, அவர் தலைவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று விதி செய்யலாம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தலைவருக்குச் சுமை என்று காரணம் காட்டி, செயல் அதிகாரத்தையே வட்டார அலுவலரிடம் கொடுத்துவிடும் ஆசை அரசுக்கு எப்போதும் உண்டு. சுமையைக் குறைப்பது வேறு, அதிகாரத்தைப் பிடுங்குவது வேறு. ஊழியர் தலைவரின் கீழ் வர வேண்டும், தலைவர் ஊழியரின் கீழ் அல்ல.

பயிற்சியின் காலமும் மாற வேண்டும். மறைமலை நகரிலுள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் பயிற்சி தருகிறது; பல தலைவர்கள் அதற்குச் செல்வது பதவியேற்று, முதல் செலவுச் சீட்டுகளில் கையெழுத்திட்டு முடித்த பிறகு. முதல் காசோலைக்கு முன்பே அந்தப் பயிற்சி முடிய வேண்டும். அதுவும் மாவட்டத்திலேயே, செங்கத்திலோ போளூரிலோ, கைக்குழந்தையுடன் வருகிறவருக்கும் இயலும் வகையில். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டப்பட்ட பிறகே கையொப்பம் செல்லும் என்றும், வாசித்துக் காட்டியவரின் பெயரும் அதில் பதியப்பட வேண்டும் என்றும் ஒரு சிறு விதி போதும். பத்திரப் பதிவில் சாட்சி கேட்கிறோம். ஊரின் பணத்துக்குக் கேட்டாலென்ன?

வாக்காளருக்கும் தகவல் வேண்டும். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் வேட்பாளரின் படிப்பு, சொத்து, குற்ற வழக்குகள் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2002, 2003 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வகை செய்தன. படிப்பை அறிந்து, அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை வாக்காளரிடம் விடப்பட்டது. அதைவிடப் பொருத்தமான இடம் அதற்கில்லை. படித்த வேட்பாளரே வேண்டும் என்று ஓர் ஊர் நினைத்தால், அந்த ஊர் அவரைத் தேர்ந்தெடுக்க எந்தச் சட்டமும் தடையாக நிற்கவில்லை.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். கடந்த சபையிலிருந்து அடுத்த சபை வரை வந்த பணம், போன பணம் ஆகியவற்றை ஒரே தாளில், தமிழில், தெருவிளக்குக்கு இவ்வளவு, பிளீச்சிங் பவுடருக்கு இவ்வளவு என்று உரக்கப் படித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். முந்தைய கணக்கை இவ்வாறு ஒப்படைக்காதவரின் வேட்புமனுவை ஏற்பதில்லை என்ற ஒரே தகுதி விதியை மட்டும் அரசு கொண்டுவரட்டும். உத்திரமேரூரைப் போல உறவினர் வரை நீட்டுவது இன்றைய சட்டத்தில் நிற்காது; பதவியில் இருந்தவர் வரை நீட்டினாலே பெரிது.

இப்போது உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. 2025 ஜனவரியில் ஊராட்சிகளின் டிஜிட்டல் கையொப்ப அதிகாரம் தனி அலுவலர்களின் கைக்குப் போனது. தேர்தல் முடிந்து புதிய தலைவர்கள் பொறுப்பேற்கும்போது அது அவர்களிடம் வர வேண்டும். அந்தச் சிறு கருவியும் அதன் கடவுச்சொல்லும் தலைவியின் கையிலேயே, சாட்சிகள் முன்னிலையில் ஒப்படைக்கப்படுமா, அல்லது அலுவலக மேசை இழுப்பறையிலோ கணவரின் சட்டைப் பையிலோ போய்ச் சேருமா என்பதற்கு மாவட்ட நிர்வாகம் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே ஒரு நடைமுறையை எழுதி வைக்க வேண்டும்.